கடல் பக்கம் திறந்திருந்தால் நகரம் விழாது: சிவிலைசேஷன் 6-இல் நான்காவது முற்றுகை

விழுந்துவிட்டது. சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டு, டெய்ட்டி என்னும் உச்சக் கடின நிலை, சாதாரண வேகம், கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம். சேமித்துவைத்த ஒரே ஆட்டத்திலிருந்து மூன்று முறை ஆடியும் மசியாத கடலோர நகரம், நான்காவது முறை எட்டே சுற்றில் கைக்கு வந்தது. இந்த முறை கூடுதலாகச் சேர்த்தது ஒரே ஒரு கேல்லிக் கப்பல். உற்பத்திச் செலவு 65. படை அதேதான்: வாள்வீரர் மூன்று, வில்லாளர் இரண்டு, கேட்டபல்ட் (கல்லெறி கருவி) ஒன்று, ராம் (சுவர் இடிக்கும் கருவி) ஒன்று.

முதல் மூன்று முறையும் நின்ற இடம் ஒன்றே. ஏன்ஷியன்ட் வால், அதாவது நகரத்தின் முதல் நிலைச் சுவர், 100 புள்ளி. அது ஒவ்வொரு முறையும் இரண்டு சுற்றில் போனது. அதற்கப்புறம் நகரத்தின் 200 புள்ளியை இறக்கும்போதுதான் இழுபறி. பாதிக்குக் கீழே வரும், அப்புறம் அடித்த அளவுக்கு இறங்காது. 60, 70 மிச்சம் இருக்கையில் வாள்வீரர்கள் தீர்ந்துபோவார்கள். பின்வாங்கி ஐந்து சுற்று ஓய்வெடுத்து வந்தால் நகரம் 100 புள்ளி தேறியிருக்கும். கேட்டபல்ட் போதவில்லை, இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். தவறான முடிவு அது.

கணக்கைப் பாருங்கள். இரு பக்க வலிமையும் சமமாக இருந்தால் ஓர் அடிக்குச் சராசரி 30 புள்ளி, 24 முதல் 36 வரை ஆடும். வலிமை வித்தியாசம் ஒன்று கூடினால் சேதம் சுமார் 4 சதவீதம் ஏறும். இந்த நகரத்தின் வலிமை 34, வாள்வீரர் 35. ஆக அடிக்கு 31 இறக்கி, 29 வாங்கிக்கொள்வார். மூன்று பேரும் எல்லாச் சுற்றிலும் அடிக்க முடியாது. அடிபட்டவரின் வலிமையும் பத்துப் புள்ளிக்கு ஒன்று என்று குறையும். மாற்றி மாற்றி அடித்தால் சுற்றுக்கு 45 இறங்குகிறது என்று வையுங்கள். முற்றுகையில் இல்லாத நகரம் ஒவ்வொரு சுற்றும் 20 தேறிக்கொள்கிறது. கையில் நிற்பது 25. அதாவது ஐந்து சுற்று வேலை எட்டுச் சுற்றாகிறது. அந்த மூன்று சுற்று உபரியைத் தாங்க ஆள் இல்லை. அவ்வளவுதான் பிரச்சினை.

வில்லாளரை நம்பி இதை ஈடுகட்ட முடியாது. நகரத்தின் மேல் அம்பு எய்தால் வலிமையில் 17 கழியும். வில்லாளரின் வலிமை 25 எட்டாகிவிடும், அடிக்குப் பத்துப் புள்ளிதான். சுவர் நிற்கும்போது அதிலும் பாதிதான் சுவருக்குப் போகும்.

இனி, நகரம் தேறுவதை நிறுத்தும் முற்றுகை வளையம். இதை யாரும் விரிவாகச் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் நிறுத்தி எழுதுகிறேன்.

நகரத்தைச் சுற்றி ஆறு கட்டம். ஆறிலும் நம் படை இருக்க வேண்டும், அல்லது நம் படையின் ஸோன் ஆஃப் கன்ட்ரோல், அதாவது பக்கத்துக் கட்டங்களில் எதிரியின் நடமாட்டத்தைத் தடுக்கும் பிடி, விழ வேண்டும். ஆறும் மூடினால்தான் முற்றுகை. மூடிய அந்தச் சுற்றிலிருந்து நகரம் தேறுவது நின்றுவிடும். ஒரு காலாள் படை தான் நிற்கும் கட்டத்தையும், வளையத்தில் இரு பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து மூன்றைப் பிடிக்கும். உள்நாட்டு நகரமாக இருந்தால், நதி எதுவும் குறுக்கிடாவிட்டால், நேர் எதிரெதிராக இரண்டு பேர் போதும். ஆறு பேர் தேவையே இல்லை. வில்லாளரும் கேட்டபல்டும் ஸோன் பிடிக்க மாட்டார்கள், நிற்கும் கட்டத்தை மட்டும் அடைப்பார்கள். மூலையில் நிற்கும் கேட்டபல்டை வளையக் கணக்கில் சேர்த்துவிட்டு ஏமாறுவது சகஜம்.

நிலத்துப் படையின் ஸோன் தண்ணீருக்குள் போகாது. இதுதான் விஷயமே. கடலோர நகரத்தில் மூன்று நிலக் கட்டம், மூன்று கடல் கட்டம் என்றால், நிலத்தில் இருபது படையை நிறுத்தினாலும் மூன்று கட்டம் திறந்தே கிடக்கும். நிலப் பக்கம் நடுக் கட்டத்தில் ஒரு வாள்வீரர், கடல் பக்கம் நடுக் கட்டத்தில் ஒரு கேல்லி. இரண்டே பேர், வளையம் மூடியது. நிலம் நான்கு, கடல் இரண்டு என்றால் நிலத்தில் இருவர் வேண்டும். கடல் நான்கு என்றால் கேல்லி இரண்டு.

"நடுக் கட்டம்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரையை ஒட்டிக்கொண்டே கேல்லியை ஓட்டி வந்தால் ஓரக் கட்டத்தில் மூவ் (ஒரு சுற்றில் நகரும் அளவு) தீர்ந்து நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு கடல் கட்டம்தான் அதன் பிடிக்குள் வரும், மூன்றாவது திறந்திருக்கும். ஒன்று திறந்தாலும் 20 புள்ளி முழுசாகத் தேறும், ஆறில் ஒரு பங்கு என்றெல்லாம் கிடையாது. கரையிலிருந்து இரண்டு கட்டம் விலகிப் போய், கடலிலிருந்து நேராக நடுவில் நுழைக்க வேண்டும். மூடியதா என்று சரிபார்க்கச் சுலபமான வழி: சுற்றை முடித்துவிட்டு நகரத்தின் புள்ளியைக் காட்டும் பட்டையைப் பாருங்கள். ஏறியிருந்தால் எங்கோ ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது.

நம் கரையில் இது நிஜமாகவே நடந்த பாடம். 1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தூரத்திலிருந்தே சுட்டன, பலன் இல்லை. நோயும் மழையும் சேர்ந்துகொள்ள அக்டோபரில் கைவிட்டுப் போனார்கள். 1760-61-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதே நகரத்தை நிலப் பக்கம் வளைத்தார், கடற்படை கடல் வழியை அடைத்தது. 1761 புத்தாண்டுப் புயலில் ஆங்கிலேயக் கப்பல்கள் பல சிதைந்தும், சில நாளிலேயே கடல் பக்கம் மறுபடி மூடப்பட்டது. உள்ளே சோறு தீர்ந்து ஜனவரி 16-இல் நகரம் சரணடைந்தது. இடித்த மதில் இருந்த தடத்தில்தான் இன்றைய புல்வார் சாலைகள் வளைந்து ஓடுகின்றன. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கடலூரை 1783-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது நேர்மாறு. ஜூன் 20 கடற்சண்டைக்குப் பின் ஆங்கிலக் கப்பற்படை சென்னைக்குத் திரும்ப, முற்றுகையிட்ட படைக்கே கடல் பக்கம் பறிபோனது. ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி வந்துதான் அந்தச் சண்டை முடிந்தது. இந்த விளையாட்டின் முற்றுகை விதி எனக்கு மிகவும் பிடித்துப்போனதற்கு இந்த ஊர்க் கதைகளும் காரணம்.

நேரம் பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுவர் தானாக வளராது. அதனால் சுவரை இடிக்கும் இரண்டு சுற்றுக்கு வளையம் அவசரமில்லை. சுவர் பூஜ்யமாகும் சுற்றில் கேல்லி நடுக் கட்டத்துக்கு வந்தால் சரியாக இருக்கும். முன்னாலேயே வந்து நின்றால் நகரத்தின் அம்பு அதன் மேலும் விழும். சுவர் போனதும் அந்த அம்பும் நின்றுவிடும். சுவரைப் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்க எதிரிக்கு மூன்று சுற்று அடி விழாத இடைவெளி வேண்டும். ஆகவே மற்றவர்கள் ஓய்வெடுத்தாலும் ஒரு வில்லாளரை நிறுத்திச் சுற்றுக்கு ஓர் அம்பாவது விடுங்கள். வில்லாளருக்கு உருப்படியான வேலை அதுதான்.

ராம் வாள்வீரரோடும் ஈட்டிப்படையோடும்தான் வேலை செய்யும், குதிரைப்படைக்கு உதவாது. ராம் இல்லாத வாள்வீரரின் அடியில் 15 சதவீதம்தான் சுவருக்குப் போகும், அதாவது ஐந்து புள்ளி. ராம் நகரத்தை ஒட்டிய கட்டத்தில், வாள்வீரர் ஒருவரோடு ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும். துணையில்லாமல் விட்டால் எதிரிப் படை எதுவும் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். கேட்டபல்ட் நகர்ந்த சுற்றில் சுடாது. மூவ் மூன்றாக இருந்தால் சுடும். கிரேட் ஜெனரல் (படைக்கு வலுக் கூட்டும் சிறப்புத் தளபதி) இரண்டு கட்டத்துக்குள் நின்றால் மூவில் ஒன்றும் வலிமையில் ஐந்தும் கூடும். கிளாசிக்கல் காலத்து ஜெனரல் கிடைத்தால் முதல் வேலையாகக் கேட்டபல்டின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். நகர்ந்த சுற்றிலேயே 38 புள்ளி அடி, வேறு எதுவும் அதற்கு ஈடில்லை.

எதிரி மண்ணில் ஓய்வெடுத்தால் சுற்றுக்கு 5 புள்ளிதான் தேறும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். பண்ணையைக் கொள்ளையிட்டால் ஒரேயடியாக 50. பதவி உயர்வுக்கும் 50. அதனால் பதவி உயர்வு வந்ததும் சொடுக்காமல், 40-க்குக் கீழே இறங்கும்வரை கையில் வைத்திருங்கள். இந்த முறை இரண்டு வாள்வீரர் பிழைத்தது இதனால்தான்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். கேதரிங் ஸ்டார்ம் வாங்கினால் அதற்கு முந்தைய விரிவாக்கத்தின் கவர்னர், விசுவாசம் (நகரம் நம் பக்கம் நிற்கும் அளவு) ஆகிய விதிகளும் கூடவே வந்துவிடும். முந்தையதன் நாடுகள் வேண்டுமென்றால் மட்டும் அதைத் தனியாக வாங்குங்கள். ஸ்டீமில் தள்ளுபடி வரும்வரை பொறுத்து மொத்தத் தொகுப்பாக எடுப்பதே லாபம். ஐப்பசி, கார்த்திகையில் மேசைக் கணினியில் ஆடுபவர்களுக்கு யூபிஎஸ் கட்டாயம். தானியங்கிச் சேமிப்பை ஒவ்வொரு சுற்றுக்கும் என்று வைத்துவிடுங்கள்.

பிடித்த நகரம் இன்னும் முழுசாக நம்முடையதாகவில்லை. பக்கத்தில் எதிரியின் பெரிய நகரம் இரண்டு இருக்கிறது. ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் மக்கள்தொகையெல்லாம் விசுவாசத்தை அந்தப் பக்கம் இழுக்கும். கவர்னரை அனுப்பியாயிற்று, சுற்றுக்கு 8 கூடும். நினைவுச்சின்னம் ஒன்று சேர்க்கும். அப்படியும் கணக்கு மைனஸில்தான் நிற்கிறது. ஆகவே தற்காத்துக்கொண்டு உட்கார்வதைவிட அடுத்த நகரத்தை எடுத்து இழுவிசையைக் குறைப்பதே வழி.

அடுத்தது ஆற்றங்கரை நகரம். ஸோன் ஆற்றைத் தாண்டாது. வளையத்தை ஆறு இரண்டாக வெட்டி ஒரு பக்கம் இரண்டு கட்டமும் மறுபக்கம் நான்கும் விட்டிருக்கிறது. இரண்டு உள்ள பக்கம் ஒருவர், நான்கு உள்ள பக்கம் இருவர், மொத்தம் மூன்று காலாள். அடிப்பதற்கு இல்லை, நிற்பதற்கு மட்டும். அதற்கு உற்பத்தி 40-க்குக் கிடைக்கும் சாதாரண வாரியர் போதும், வாள்வீரரை வீணாக்க வேண்டாம். எதிரி அடுத்த நிலைச் சுவரான மெடீவல் வால் கட்டிவிட்டால் ராம் பயனற்றுப் போகும். சீஜ் டவர் (முற்றுகைக் கோபுரம்) 100 உற்பத்தி, ஆனால் சுவரைத் தாண்டி நேராக நகரத்தை அடிக்கலாம், அதற்கும் அடுத்த சுவரான ரெனசான்ஸ் வால் வரும்வரை செல்லும். அதற்கு வேண்டிய கன்ஸ்ட்ரக்ஷன் தொழில்நுட்பம் இன்னும் நான்கு சுற்றில் முடிகிறது. அதற்குள் வாரியர் மூன்றையும் ஆற்றின் இரு கரையிலும், எல்லைக்கு ஒரு கட்டம் வெளியே நிறுத்தி வைக்கிறேன்.