சைட் மங்கலாகத் தெரிகிறது என்றார்

பத்து மீட்டர் ரேஞ்சில் பிஸ்டல் சுடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பதிமூன்று வருடம் ஓடிவிட்டது. இதில் நான் செய்த ஒரு தப்பு இன்னும் மனசை உறுத்துகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா வந்து சேர்ந்தார். வயது 46. நிற்கும் விதமும் பிடிக்கும் விதமும் ஒரே மாதத்தில் அவருக்குப் படிந்துவிட்டன. ஒரு நாள், "சார், முன்னாடி இருக்கிற சைட்டே எனக்கு மங்கலாத் தெரியுது" என்றார். சைட் என்பது குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் இருக்கும் சிறு பாகம். நான் யோசிக்கக்கூட இல்லை. "இந்த வயசுல அப்படித்தான் மேடம். பொழுதுபோக்கா வெச்சுக்கோங்க, போட்டியெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு வாரத்தில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்னது சாதாரண விஷயமில்லை. பிஸ்டலில் டார்கெட்டை உற்றுப் பார்க்கக் கூடாது. நீட்டிய கையின் நுனியில் இருக்கும் முன் சைட்தான் கத்தி போலத் தெளிவாகத் தெரிய வேண்டும், டார்கெட் மங்கலாகவே இருக்கட்டும். நாற்பதைத் தாண்டினால் கண் கிட்டத்துப் பொருளைப் பிடிக்கத் திணறும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 11.5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சட்டைப் பொத்தான். சைட்டில் மயிரிழை பிசகினாலும் பெல்லட் என்கிற அந்தச் சிறு குண்டு அந்தப் பொத்தானை விட்டு விலகிப் போய்விடும்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது ஜார்ஜியாவின் பிஸ்டல் வீராங்கனை நினோ சலுக்வாட்சே பற்றிய செய்தி கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு 52 வயது. அது அவருக்கு ஒன்பதாவது ஒலிம்பிக். கண் பார்வை ஒத்துழைக்கவில்லை, இத்துடன் போதும் என்று அறிவித்திருந்தார். அதைப் படித்ததும் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அதே கண், அதே மங்கல். ஆனால் நினோ 52 வரை உலகத்தின் மிகப் பெரிய மேடையில் நின்றிருக்கிறார். நான் 46இலேயே ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நினோவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பிறந்த ஊர் திபிலீசி. பயிற்சி கொடுத்தவர் அவருடைய அப்பா. 1988 சியோலில், 19 வயதில், சோவியத் அணிக்காக 25 மீட்டரில் தங்கம், 10 மீட்டரில் வெள்ளி. அடுத்த ஒலிம்பிக்குக்குள் அந்த நாடே இல்லாமல் போனது. 1992இல் முன்னாள் சோவியத் நாடுகள் சேர்ந்த ஒருங்கிணைந்த அணி, 1996 முதல் ஜார்ஜியா. கொடி மாறியது, விதிகள் மாறின, அவர் மட்டும் சுடும் இடத்தை விட்டு நகரவில்லை. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு இருபது வருடம் ஆனது. 2008 பெய்ஜிங்கில் 10 மீட்டர் வெண்கலம் வாங்கிய அந்த ஆகஸ்டில் அவருடைய நாட்டுக்கும் ரஷ்யாவுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. வெள்ளி வென்றவர் ரஷ்யாவின் நத்தாலியா பதேரினா. பதக்க மேடையில் இருவரும் கட்டிக்கொண்ட படத்தை ரேஞ்ச் அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். 2016 ரியோவில் மகன் த்சோத்னேயும் அவரும் ஒரே ஒலிம்பிக்கில் சுட்டார்கள். அம்மாவும் மகனும் அப்படி ஒன்றாகக் களமிறங்கியது அதுதான் முதல் தடவை.

டோக்கியோவோடு விடவும் முடியவில்லை. தொண்ணூறைத் தாண்டிய அப்பா, பாரிஸுக்கு இன்னும் மூன்று வருடம்தானே, இது என் கடைசி ஆசையாக இருக்கலாம் என்று கேட்டுக்கொண்டாராம். 2024இல் 55 வயதில் பாரிஸ் போனார். தொடர்ந்து பத்து ஒலிம்பிக் கண்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பாரிஸில் பதக்கம் இல்லை. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

டோக்கியோ செய்தி படித்த அந்த வாரமே அக்காவுக்கு போன் செய்தேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு மேடம். கண் டாக்டரைப் பார்க்கலாம் வாங்க" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சனிக்கிழமை வரட்டுமா சார்?" என்றார். படிக்கிற கண்ணாடி இதற்கு ஆகாது, அது இன்னும் கிட்டத்துக்கானது. நீட்டிய கையில் சைட் இருக்கும் தூரத்தை டேப்பால் அளந்து டாக்டரிடம் கொடுத்தோம். அந்தத் தூரத்துக்கு ஏற்ற லென்ஸ் வந்தது. அதை மாட்டிக்கொண்டு முதல் தடவை பிஸ்டலை உயர்த்தியவர், "சார், விளிம்பு தெரியுது!" என்று கத்தினார். பக்கத்து லேனில் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

போன மாதம் ஒரு பயிற்சிப் போட்டி. 60 குண்டு, 75 நிமிடம். ஐம்பதாவது குண்டைத் தாண்டியதும் அக்காவின் தோள் சோர்ந்துவிட்டது, பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. கையை உயர்த்தினார். சைட் நிற்கவில்லை. சுடாமல் இறக்கினார். மூச்சு விட்டார். மறுபடி உயர்த்தி, மறுபடி இறக்கினார். மூன்றாவது முறை சைட் கொஞ்சம் ஆடி அடங்க, விரல் மட்டும் மெதுவாகப் பின்னால் வந்தது. ஒன்பது. திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த பெல்லட்டுக்கு டப்பாவைத் திறந்தார்.