ப்ராக்ஸி முடங்கிய மூன்று நாள்

நேற்று மாலைதான் எங்கள் நூலகத்தின் ஆன்லைன் ஜர்னல்கள் திரும்பத் திறந்தன. மூன்று நாளாக வளாகத்துக்கு வெளியே இருந்த ஆய்வு மாணவர்கள் ஒரு கட்டுரையைக்கூடப் பார்க்க முடியவில்லை.

யாரோ ஒருவருடைய கணக்கைத் திருடி, எங்கள் ப்ராக்ஸி (வெளியே இருப்பவர்கள் லாகின் செய்து ஜர்னல்களைப் படிக்க உதவும் இடைநிலை சர்வர்) வழியாக ஒரே இரவில் ஆயிரக்கணக்கான பிடிஎஃப்களை இறக்கியிருக்கிறார்கள். பதிப்பகத்துக்குத் தெரிவது ப்ராக்ஸியின் ஐபி, அதாவது அதன் இணைய எண் முகவரி மட்டும்தான். அதையே மூடிவிட்டார்கள். எச்சரிக்கை மெயில் எப்போதோ ஓய்வு பெற்றவரின் முகவரிக்குப் போயிருந்தது. முதல் நாள் அதிலேயே போயிற்று. நீங்களும் நூலகத்தில் இருந்தால், உங்கள் பதிப்பகங்களிடம் யாருடைய மெயில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

அப்புறம் லாக், அதாவது யார் எப்போது நுழைந்தார் என்று சர்வர் எழுதும் பதிவு. கணினி மையத்தில், துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். கடிதத்தோடு போனால், அங்கே கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில். ஒருவழியாக வாங்கி, பதிப்பகம் சொன்ன நேரத்தைத் தேடி, ஒரு மாணவியின் கணக்கை முடக்கினேன். தவறு. அவர்கள் தந்தது யுடிசி என்னும் உலகப் பொது நேரம், எங்கள் சர்வர் எழுதுவது உள்ளூர் நேரம். மணியை மாற்றிப் பார்த்தபோது வேறொருவரின் பெயர் வந்தது. அவருக்கு 'உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகிறது' என்று மெயில் வந்திருக்கிறது. இணைப்பில் இருந்தது எங்கள் லாகின் பக்கத்தின் அச்சு அசலான நகல்.

இது புதிய தந்திரமில்லை. பேராசிரியர்களின் பாஸ்வேர்டைப் போலி மெயிலால் பறித்து 144 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்ததாக, 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஒன்பது ஈரானியர்கள் மீது குற்றம் சாட்டியது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டதாகப் பதிப்பகத்துக்கு எழுதினேன். ஏற்கவில்லை. செஷனை (அந்தக் கணக்கில் லாகின் செய்து திறந்த இணைப்பை) முடித்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தால் அது இன்னும் உயிரோடு இருந்தது! பாஸ்வேர்டை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்த செஷன் தானாகச் சாகாது. அட்மின் பக்கத்தில் போய்த்தான் அதை முடிக்க வேண்டும்.

இன்னொன்று மனதை அறுத்தது. எங்கள் ப்ராக்ஸி மென்பொருளான ஈஸிப்ராக்ஸியில், ஒருவர் எவ்வளவு இறக்கலாம் என்று வரம்பு வைக்கும் யூசேஜ்லிமிட் வரி ஏற்கெனவே இருந்தது. அதில் என்ஃபோர்ஸ் (அமல்படுத்து) என்ற சொல்லைச் சேர்க்காததால் எண்ணிக்கொண்டே இருந்ததே தவிர, தடுக்கவில்லை. ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அன்று இரவே அந்தக் கணக்கு மட்டும் நின்றிருக்கும்.

இப்போது சேர்த்தாயிற்று. அதை எழுதி அனுப்பிய நான்கு மணி நேரத்தில் பதிப்பகம் திறந்துவிட்டது. அந்த மாணவியின் கணக்கைத் திருப்பிக் கொடுத்து, நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், எந்தக் கட்டுரை வேண்டுமென்று குறித்து வைத்திருக்கிறேன்" என்றார். எடுத்துத் தந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.