இந்தியா சுற்றிப் பார்க்கப் போகிற அக்காமார்

ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவனுக்கு, ஊரில் யார் எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்பது கிராம சேவகருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், அதோடு வட்ஸ்அப்பில் வருகிற பீடிஎப்களை பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. அந்த பீடிஎப்களில் ஒரு சோடி அடிக்கடி வருகிறது. ஒன்று இந்திய ஈ-விசா, மற்றது துபாய் விசிட் விசா. டிக்கெட்டும் இரண்டு இருக்கும். கட்டுநாயக்க எயார்போர்ட்டிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ ஒன்று, அங்கிருந்து துபாய்க்கோ சார்ஜாவுக்கோ இன்னொன்று. கொண்டுவருகிறவர் பெரும்பாலும் பயணம் போகிறவராக இருக்கமாட்டார், அவருடைய தம்பி அல்லது மகன். ஏஜென்ட் அனுப்பினாராம், கலரில் எடுக்கச் சொன்னாராம்.

"வீட்டு வேலைக்கா போறாங்க?" என்று கேட்டால் தலையை ஆட்டுவான். "அப்ப எதுக்கு இந்தியாவைச் சுத்திப் போறாங்க?" என்றால், "அப்படிப் போனாத்தான் டிக்கெட் மலிவாம் அண்ணே" என்பான்.

மலிவெல்லாம் கிடையாது. கொழும்பிலிருந்து துபாய்க்கு நேர் விமானம் இருக்கிறது. இரண்டு டிக்கெட், இந்திய விசாக் காசு, நடுவில் லொட்ஜ் வாடகை, சாப்பாடு, கூட்டிக்கொண்டு திரிகிற ஆளின் செலவு, எல்லாவற்றையும் கூட்டினால் கூடத்தான் வரும். சும்மா ஒரு ரூபாய் விடாத ஏஜென்ட் இதற்கு மட்டும் ஏன் கையைத் தாராளமாக விடுகிறான் என்று யாராவது யோசிக்க வேண்டாமா?

விஷயம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற யாரும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், நம் பேச்சில் பியூரோவில், பதிந்துவிட்டுத்தான் போகவேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அது. எயார்போர்ட்டிலேயே பியூரோவுக்கு ஒரு கவுண்டர் இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஒரு பெண் தனியாக துபாய் விசிட் விசாவோடு நேராக அந்த வழியாகப் போனால் கேள்வி வரும். எங்கே போகிறீர்கள், யார் கூப்பிட்டார்கள், எந்த ஹொட்டல், கையில் எவ்வளவு காசு. இரண்டாவது கேள்விக்கே முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதே பெண் திருச்சிக்கு டிக்கெட்டை நீட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? கோயிலுக்குப் போகலாம், சேலை எடுக்கப் போகலாம், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகலாம். மலையகத்தில் இந்தியாவில் சொந்தம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது!

இந்திய ஈ-விசா விண்ணப்பத்தில் இந்தியாவில் தெரிந்த ஒருவரின் பெயரும் விலாசமும் கேட்பார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் உங்களுக்கு, 3 இலட்சம் பேர் எங்களுக்கு என்று பிரித்தபோது, கப்பலேறிப் போன பெரியப்பாமாரும் அத்தைமாரும் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அங்கேயும் தேயிலைதான். அந்த விலாசத்தைப் போட்டால் அது உண்மையான விலாசம். ஆனால் ஏஜென்ட் போடுவது திருச்சியில் ஏதோ ஒரு லொட்ஜின் விலாசம். சொந்தக்காரருக்குத் தெரிந்தால் கேள்வி கேட்பார்கள், வந்து பார்ப்பார்கள், வேண்டாம் திரும்பிப் போ என்று சொன்னாலும் சொல்வார்கள். பெரியப்பா பேரன் கூடலூரில் இருக்க, இவள் லொட்ஜ் அறையில் இன்னும் நாலு பெண்களோடு பாயில் படுத்து, அடுத்த டிக்கெட் எப்போது வரும் என்று காத்திருப்பாள். பாஸ்போர்ட் அதற்குள்ளேயே கூட்டிப்போனவன் கையில்.

இந்தியா தன்னுடைய பெண்கள் விஷயத்தில் சும்மா இல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிற வகையில் வரும். அப்படிப்பட்ட பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்றால் 30 வயது ஆகியிருக்க வேண்டும், அரசாங்க அனுமதியும் வேண்டும். ஆனால் அதெல்லாம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு. பக்கத்து வரிசையில் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு நிற்கிறவள் அவர்கள் கணக்கில் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற வெளிநாட்டுக்காரி. இலங்கையில் கேட்டால் அவள் இந்தியா போனாள், இந்தியாவில் கேட்டால் அவள் சுற்றுலாவை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் வேலைக்குப் போனாள் என்று எழுதிய தாள் ஒன்றுகூட எந்த அலுவலகத்திலும் இருக்காது. ஏஜென்ட் இரண்டாவது டிக்கெட்டுக்குக் காசு கட்டுவது இதற்காகத்தான்.

அதனால் போகிறவர்களைத் திட்டுவது எனக்குப் பிடிக்காது. செய்தியில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள் என்று வந்தால் போதும், "ஆசை யாரை விட்டது" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். பியூரோ வழி ஏன் அடைபட்டது என்று பேச ஆள் இல்லை. மூதூர் ரிசானா நபீக்கை நினைவிருக்கும். வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டில் 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அந்த வீட்டுக் குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரியில் அவளுக்கு அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பிறகு இங்கே விதிகள் இறுகின. சவூதிக்குப் போக 25 வயது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அனுமதி இல்லை, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும், அதற்குப் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். காப்பாற்றத்தான் போட்டார்கள், சரி. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையும் குழுக்கடனும் குடிகாரப் புருஷனும் உள்ள பெண்ணுக்கு அந்த விதி சோறு போடவில்லை. வாராவாரம் கடன்காரர் லயத்து வாசலில் வந்து உட்காருவதையும் நிறுத்தவில்லை. அவளுக்குத்தான் சப் ஏஜென்ட், அதாவது ஏஜென்டுக்கு ஊரில் ஆள் பிடித்துக் கொடுக்கிறவன், இந்தியா வழியைக் காட்டினான். 2022இல் நாட்டின் பொருளாதாரம் படுத்த பிறகு பிள்ளையின் வயதெல்லையை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள், குறைந்தபட்ச வயதை 21 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் சப் ஏஜென்ட்மாருக்கு அந்த வழி பழகிப்போய்விட்டது, இப்போது பியூரோவில் தாராளமாகப் பதியக்கூடியவர்களைக்கூட அதே வழியில்தான் அனுப்புகிறார்கள். என் ஆத்திரம் இதில்தான். ஐந்து வயதுப் பிள்ளை, 30 வயது, ஏற்கெனவே குவைத்தில் வேலை செய்த அனுபவம், இப்படிப்பட்ட அக்காவை எதற்காகத் திருச்சி லொட்ஜில் படுக்கவைக்க வேண்டும்?

காரணம் காசு. அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சி பியூரோவில் வங்கி உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். பெண் அங்கே அடி வாங்கினால், சம்பளம் வராவிட்டால், பியூரோ அந்த ஏஜென்சியைக் கூப்பிட்டுக் கேட்கும். அனுமதிப்பத்திரம் போகும் என்ற பயம் இருக்கும். விசிட்டில் போனவளின் விஷயத்தில் யாரைக் கூப்பிடுவது? டிக்கெட் அனுப்பிய நம்பர் இரண்டு மாதத்தில் வேலை செய்யாது. சப் ஏஜென்ட், நான் வழிதானே காட்டினேன் என்பான்.

வீட்டுக்கு முன்பணம் கொடுக்கிற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் போகும்முன்பே வீட்டில் ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார்கள். புருஷன் அதில் கடனில் பாதியை அடைப்பான், மீதியில் ஸ்மார்ட் போன். அது அன்பளிப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போய், முடியவில்லை, திரும்பி வருகிறேன் என்று அவள் சொல்கிற அன்றுதான் அது கடன் என்று தெரியவரும். அந்தக் காசு, இரண்டு டிக்கெட், இரண்டு விசா, லொட்ஜ் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்வார்கள், கட்டிவிட்டுப் போ என்று. தெரிந்த ஒரு தங்கச்சி அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்கு மாறிப்போனாள். அந்த வீட்டுக்காரர் அதை ஏஜென்டிடம் கட்டினாராம். ஆளை வாங்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

"விசிட்ல போனா என்ன, போன பிறகு விசாவை மாத்திக்கலாம்" என்பது எல்லா சப் ஏஜென்ட்டும் சொல்கிற வசனம். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். எமிரேட்ஸில் உள்ளேயே இருந்து வேலை விசாவுக்கு மாறுகிற வழி இருக்கிறது, அப்படி மாறியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாற்றுவது முதலாளியின் கையில். மாற்றாவிட்டால் விசிட் முடிந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். விசிட்டில் உள்ளவரை வேலைக்கு வைப்பது அங்கேயே குற்றம். அனுமதி இல்லாமல் ஆள் வைக்கிறவருக்குப் பெரிய அபராதம் உண்டு. அதனால் வேலைக்கு வைத்த வீட்டுக்கார மேடம் என்ன செய்வார்? பிரச்சினை வந்தால் இவளைத் தெரியவே தெரியாது என்பார். ஓமானில் இன்னும் மோசம். விசிட் விசாவை வேலை விசாவாக மாற்றுவதை ஓமான் பொலிஸ் 2023 ஒக்டோபர் கடைசியில் நிறுத்தியது. அப்படியிருந்தும், துபாயில் இறக்கி அங்கிருந்து ஓமானுக்கு வண்டியில் ஏற்றிப் போகிற கதை நின்றபாடில்லை. 2022இல் இலங்கைப் பெண்கள் ஓமானில் விற்கப்பட்டதாக வந்த செய்திகளில் இருந்தவர்களும் விசிட் விசாவில் போனவர்கள்தான்.

பையன்கள் நமக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு இந்தியாவுக்குப் பதில் தாய்லாந்து. 2024 ஜூலையில் இலங்கையருக்கு 60 நாள் விசா இல்லாமலே வரலாம் என்று தாய்லாந்து சொன்னதும் அது இன்னும் லேசாகிவிட்டது. கம்பியூட்டர் வேலை, டொலரில் சம்பளம் என்று கூட்டிப்போய், பாங்கொக்கில் இறக்கி, மே சோட் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடந்தால் மியான்மாரின் மியாவடி. அங்கே ஒரு கட்டடத்துக்குள் அடைத்துவைத்து ஒன்லைனில் ஆட்களை ஏமாற்றச் சொல்வார்கள், முடியாது என்றால் அடி, கரண்ட். இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த, ஏ/எல் முடித்த பையன்களைத்தான் தேடுகிறார்கள். டைப்பிங் வேகம் எவ்வளவு என்று இன்டர்வியூவில் கேட்கிறார்களாம், அதைக் கேட்டு எங்கள் பையன்களுக்குப் பெருமை வேறு.

சரி, போகத்தான் வேண்டும் என்றால்? போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, கொழுந்து எடுத்து யாரும் இங்கே வீடு கட்டியதாக எனக்குத் தெரியாது. பியூரோ வழியாகப் போங்கள் என்பதுதான் என் பேச்சு. ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் கேளுங்கள். "என் மேல நம்பிக்கை இல்லையா அக்கா" என்று பதில் வந்தால் இலக்கம் இல்லை என்று அர்த்தம். இலக்கம் கிடைத்தால் பியூரோவின் 1989 நம்பருக்கு எடுத்து, இப்படி ஒரு ஏஜென்சி இருக்கிறதா, அந்த நாட்டுக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம், தமிழில் பேசச் சொல்லிக் கேளுங்கள். வேலை ஒப்பந்தத்தைக் கையில் வாங்காமல் கிளம்ப வேண்டாம். பதிந்து போனால் காப்புறுதி இருக்கிறது, பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டு, ஓ/எல், ஏ/எல் பாஸ் பண்ணினால் புலமைப்பரிசில் இருக்கிறது. புலமைப்பரிசிலைச் சொன்னால்தான் அம்மாமார் நிமிர்ந்து பார்க்கிறார்கள், காப்புறுதியைச் சொன்னால் அபசகுனம் பேசாதே தம்பி என்கிறார்கள்.

ஏற்கெனவே விசிட்டில் போய் அங்கே இருப்பவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பதியாமல் போனதால் தூதரகத்துக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அவள் இலங்கைக் குடிமகள், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூதரகத்துக்குப் போகலாம். எமிரேட்ஸ் என்றால் அபுதாபியில் தூதரகமும் துபாயில் கொன்சியூலர் அலுவலகமும் இருக்கின்றன, ஓமான் என்றால் மஸ்கட். பாஸ்போர்ட் மேடத்திடமோ ஏஜென்டிடமோ மாட்டிக்கொண்டாலும் ஊருக்குத் திரும்ப தற்காலிகப் பயணப் பத்திரம் ஒன்று எடுக்க வழி இருக்கிறது. அதற்கு அவள் யார் என்று காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு விசாத் தாளும் இரண்டு டிக்கெட்டும், ஏஜென்ட் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் உட்பட எல்லாவற்றையும் வீட்டில் ஒருவர் போனில் வைத்திருங்கள், அழிக்க வேண்டாம். வேலை செய்கிற வீட்டின் லொக்கேஷனை ஒருதரம் அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஊர் என்றே வீட்டாருக்குத் தெரியாவிட்டால் யாரிடம் போய் என்ன முறைப்பாடு கொடுப்பது?