கட்டம் கட்டமாக வரைந்த எதிர்காலம்

பொங்கலுக்கு முன் திருபுவனத்து வீட்டுப் பரணைத் துடைத்தபோது, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா எப்போதோ கொண்டுவந்து கொடுத்த ‘ஷாட்டர்’ என்னும் அறிவியல் புனைவுச் சித்திரக்கதையின் இரண்டு இதழ்கள் தகரப் பெட்டியில் கிடைத்தன. பள்ளி நாட்களில் அவை எனக்குப் பிடித்ததே இல்லை. முகங்களின் ஓரமெல்லாம் படிக்கட்டுகளாக உடைந்திருந்ததை அச்சுக் கோளாறு என்றே எண்ணியிருந்தேன்.

பீட்டர் கில்லிஸ் எழுதிய அந்தக் கதையை 1985ஆம் ஆண்டில் மைக் சயென்ஸ் ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினியில், மேக்பெயின்ட் என்னும் மென்பொருளைக் கொண்டு, மவுஸை நகர்த்தி நகர்த்தி வரைந்தார். தொடக்ககால மெக்கின்டாஷின் திரை 9 அங்குலம்தான். அதில் 512க்கு 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாக இருக்கலாம் அல்லது வெள்ளையாக இருக்கலாம். சாம்பல் நிறம் என்ற ஒன்று அதற்குக் கிடையாது. ஆகவே நிழல் வேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துக் கண்ணை நம்பவைக்க வேண்டியிருந்தது. பக்கம் முழுவதையும் அந்தச் சிறு திரையில் ஒருசேரப் பார்க்கவும் இயலாது. வரைந்ததை டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அச்சிட்டு, பிறகு வழக்கம்போல் கையால் வண்ணம் சேர்த்தார்கள்.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு அந்தப் பக்கங்களைப் பார்க்கையில், பட்டுச்சேலைக்கு டிசைன் எழுதும் என் அப்பாவின் கிராஃப் தாள்தான் கண்முன் நின்றது. அத்தாளில் ஒரு வரிசைக் கட்டங்கள், தறியின் மேலிருந்து இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டையாகும். அட்டையில் துளை உள்ள இடத்தில், நீளவாக்கில் ஓடும் பாவு இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. மாங்காய் புட்டாவின் வளைவைக்கூடக் கட்டங்களின் படிக்கட்டாகத்தான் எழுத முடியும் என்பதால், எந்தப் படியை எங்கே வைத்தால் சேலையில் அது வளைவாகத் தெரியும் என்று அறிவதிலேயே அத்தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

பெப்பே மொரேனோ 1990இல் கணினியிலேயே உருவாக்கிய ‘பேட்மேன்: டிஜிட்டல் ஜஸ்டிஸ்’ நூலையும் பின்னர் பார்த்தேன். வண்ணமும் முப்பரிமாண உருவங்களும் அதில் நிறைந்திருக்கின்றன. ஆனாலும் என் மனம் ஷாட்டரிடமே நிற்கிறது. மொரேனோவின் பக்கங்களில் கருவியின் புது ஆற்றல் முன்னே வந்து நிற்க, கோடு பின்னுக்குப் போய்விடுகிறது. சயென்ஸிடமோ கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் இல்லாததால், ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் ஒரு வேலை கொடுத்தாக வேண்டியிருந்தது. புகையும் இரும்பும் மண்டிய எதிர்கால நகரத்துக்கு அந்தச் சொரசொரப்பே பொருத்தமான தோலாக அமைந்துவிட்டது.

இதழை அப்பாவிடம் கொடுத்தேன். ஆங்கிலம் அறியாத அவர், இழை எண்ணும் லென்ஸை எடுத்து ஒரு முகத்தின் தாடையை நெடுநேரம் பார்த்தார். “எண்ணித்தாம்ப்பா போட்டிருக்காங்க” என்றார். பிறகு கிராஃப் தாள் ஒன்றை விரித்து, அந்தத் தாடையைப் பென்சிலால் கட்டம் கட்டமாக எழுதத் தொடங்கினார்.