கூரை சோலார்: மூன்றாவது கிலோவாட் போடும் முன்

வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. அதற்குமேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். இந்த 78,000-ஐச் சொல்லித்தான் எல்லோரிடமும் 3 கிலோவாட்டை விற்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குமுன் இபி கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. 700 யூனிட் ஓடும் வீட்டுக்கு 220 யூனிட்டுக்குத்தான் பில் வரும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். அதனால் பெரிய லாபம் 500-க்குள் இறங்குவதில்தான். மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது மலிவான யூனிட்டுகளை. ஏற்கெனவே 250 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு, 100 யூனிட் இலவசம் போக, போட்ட பணம் திரும்பவே வெகுகாலம் ஆகும்.

இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம். விண்ணப்பம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். பிறகு இந்தத் திட்டத்தின் தேசிய போர்ட்டலில் பதிவு செய்து, அதில் உள்ள நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். பேனல் மட்டுமல்ல, அதனுள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். இல்லையேல் மானியம் கிடையாது. கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பேனல், அதன் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், இரண்டில் எதன் கிலோவாட் குறைவோ அதற்கே மானியம்.

2 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் நான்கு, சுமார் 200 சதுர அடி, தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி சரியும். காலை 9, மாலை 4 மணிக்கு மாடியில் நின்று பார்த்துவிட்டே இடம் குறியுங்கள். டிசி, ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த்திங். செலவைக் குறைக்க ஒரே குழியில் முடிப்பவர்கள் உண்டு, விடாதீர்கள்.

இபியிலிருந்து வருவதையும் நீங்கள் வெளியே அனுப்புவதையும் தனித்தனியாக அளக்கும் நெட் மீட்டர் மாட்டும்வரை ஆன் செய்யக் கூடாது. பழைய டிஜிட்டல் மீட்டர் சில, வெளியே போகும் மின்சாரத்தையும் நீங்கள் செலவழித்ததாகவே கூட்டிவிடும்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது. இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. பவர் கட்டுக்கும் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை. அதற்குத் தனி பட்ஜெட்.