அட்டையில் எழுதிய பெயர்கள்

1989-இல் கும்பகோணத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, மாதம் ஒரு முறை பாட்டுப் பட்டியல் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு கடைத்தெருவில், கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டருக்குப் போவேன். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போக மூன்று நிமிடம் மிஞ்சும். அந்த மிச்சத்தை வெற்று நாடாவாகக் கொடுப்பதைக் கடைக்காரர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். கேட்காமலேயே ஏழாவதாக ஒரு பாட்டைத் தொடங்கி, சரணத்தின் நடுவே நாடா தீர்ந்து 'டக்' என்று நிற்கும்வரை ஓட விட்டுவிடுவார். அப்படி அறுந்த பாட்டுகளில் ஒன்றை இன்று முழுதாகக் கேட்கும்போதுகூட, அந்த இடம் வந்ததும் காது தானாக ஒரு கணம் நின்று பார்க்கிறது.

அவரிடம் எனக்குப் பிடித்தது கேசட்டின் அட்டையை எழுதும் நேர்த்தி. படத்தின் பெயரைச் சிவப்பு மையிலும், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை நீல மையிலும் பொடி எழுத்தில் எழுதுவார். வயலின் தனியாக வாசித்தவர் பெயர் இசைத்தட்டின் உறையில் இருந்தால் அதையும் விடமாட்டார்.

இதை ஏக்கத்தோடு சொல்லி நிறுத்திக்கொண்டால் அது பாதிப் பொய்யாகிவிடும். அந்தக் கடையில் நடந்தது நகலெடுப்பு. நாங்கள் கொடுத்த காசில் ஒரு பைசாகூட அட்டையில் பெயர் இருந்த எவருக்கும் போகவில்லை. பாட்டை அவ்வளவு மதித்த நாங்கள் பாடியவருக்கு எதுவும் கொடுக்கவில்லை என்பதும், கொடுக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதும் உண்மை.

இந்தக் கணக்கு திரும்பவும் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், சென்ற ஆண்டு என் அக்கா பாடிய ஆறு திருப்புகழ்ப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்ததுதான். மாடி அறையில் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, அடுத்த வீட்டுக் குக்கர் அடங்கும் நேரம் பார்த்து வேலை செய்தோம். ஒரு மடிக்கணினியும் மூன்று மைக்கும் போதுமாக இருந்தன. ஒலியின் தரத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. எங்கள் கல்லூரிக் காலத்துக் கேசட்டில் பாட்டுக்கு அடியில் எப்போதும் கேட்ட அந்த இரைச்சல் இதில் துளியும் கிடையாது.

மிருதங்கம் வாசித்தவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இளவயதில் கோடம்பாக்கத்தில், பாடகர் முதல் கடைசி வரிசை வயலின்காரர் வரை எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒருவர் பிசகினாலும் அனைவரும் முதலிலிருந்து வாசித்த நாள்களில் பழகியவர். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று என்று மைக் வைத்தபோது எதுவும் சொல்லவில்லை; தொப்பியில் ரவையை ஈரம் பார்த்து அப்பிக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கொடுத்து, அதில் தாளம் காட்டி வரும் 'டிக் டிக்' ஓசைக்கு முதலில் மிருதங்கத்தை வாசித்துவிட்டால் அக்கா பிறகு பாடிக்கொள்வார் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, பாட்டே இல்லாம யாருக்கு வாசிக்கறது?" என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்தோம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பாடி வாசித்ததையே பதிவு செய்தேன். ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி கலந்ததால் எடிட்டிங் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஆனால் திருப்புகழின் சந்தம் குரலும் கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போகவேண்டியது. தனித்தனியாக எடுத்து ஒட்டியிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பாடல்களை இணையத்தில் ஏற்றித் தரும் நிறுவனத்தின் படிவத்தில் முதன்மைக் கலைஞருக்கும், இயற்றியவருக்கும், இசையமைத்தவருக்கும் கட்டங்கள் இருந்தன. மிருதங்கக்காரரின் பெயரை எங்கோ உள்ளே ஒரு கட்டத்தில் சேர்க்க முடிந்தது. ஆனால் பாட்டு ஓடும்போது கைப்பேசித் திரையில் அது தெரியவில்லை. அட்டைப்படத்தில் எழுதி அனுப்பினேன். தலைப்பையும் முதன்மைக் கலைஞரையும் தவிர வேறு எழுத்து கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் கிராமபோனுக்காகப் பாடியபோது, மூன்று நிமிடத் தட்டில் பாட்டை அடக்கி, கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டு அச்சாவதோ ஜெர்மனியில் ஹனோவரில். யார் பாடியது என்று அங்கிருந்தவர்கள் அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. மங்களம் முடிந்ததும் மிருதங்கக்காரர் தம் பெயரைச் சொல்லட்டுமே என்று அக்காவிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டார்.

காசு விஷயத்தில் இன்றைய நிலை பழையதைவிட நேர்மையானது என்றே சொல்வேன். 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, திரைப்பாடலுக்கு இசையமைப்பவருக்கும் பாடலாசிரியருக்கும் திரையரங்குக்கு வெளியே வரும் வருவாயில் பங்கு உண்டு. அதை அவர்கள் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் சிறிய ஆட்களுக்கு வந்து சேர்வது சொற்பம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அதன் பதிவுரிமைத் தொகை, அதாவது ஒலிப்பதிவுக்கு உரியவருக்குச் சேரவேண்டிய பங்கு, கிடையாது. எங்கள் ஆறில் நான்கு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அன்று காசு போகாத அட்டையில் எல்லார் பெயரும் இருந்தது. இன்று ஏதோ கொஞ்சம் காசு வருகிறது, வாசித்தவர் யார் என்று கேட்பவருக்குத் தெரியவில்லை.

சென்ற மாதம் ஆறு பாடல்களையும் ஒரு சிடியில் எழுதி, அதற்கான அட்டையில் சிவப்பு மையில் தலைப்பும் நீல மையில் பெயர்களும் எழுதி மிருதங்கக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். அவர் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எந்தக் கருவியும் கிடையாது. கைப்பேசியில் பேரன் பாட்டை வைக்க, அட்டையைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.