கிஸ்மிஸ் 2 கப் என்றால் எத்தனை கிராம்?

நேற்று வெட்டிய பிளம் கேக் உதிரவில்லை. கத்தி இறங்கிய இடத்தில் துண்டு அப்படியே நின்றது. மூன்று கிறிஸ்துமஸாக எனக்குக் கைகூடாதது இது.

செய்முறை அம்மாவின் நோட்டில் உள்ளதுதான்: கிஸ்மிஸ் 2 கப், பேரீச்சை 1 கப், அத்திப்பழம் அரை கப். மைதா, வெண்ணெய், சர்க்கரையை எப்போதோ கிராமுக்கு மாற்றிவிட்டேன். பழத்தை மட்டும் கப்பிலேயே அளந்து வந்தேன். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன என்ற நினைப்புதான் கெடுத்தது.

முதலில் கப்பைச் சோதித்தேன். அடியில் 250 மில்லி என்று போட்டிருக்கிறது; விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை போட்டால் 238 கிராம். அதாவது சுமார் 237 மில்லி பிடிக்கும் அமெரிக்க கப். தராசு மேலும் சந்தேகம் வந்து, 10 ரூபாய் நாணயம் பத்து வைத்தேன். ஒன்று 7.71 கிராம், தராசு 77 காட்டியது. சரி, தராசு மேல் தப்பில்லை.

கிஸ்மிஸைச் சும்மா கொட்டினால் 147 கிராம், கட்டை விரலால் அழுத்தினால் 169. அதே கப், அதே பாக்கெட்! நான் இத்தனை வருடமும் அழுத்தித்தான் நிரப்பினேன். அம்மா எப்படி நிரப்புவார்? பெரம்பூரிலிருந்து வரவழைத்து, ஒன்றும் சொல்லாமல் கப்பைக் கையில் கொடுத்தேன். டப்பாவைச் சாய்த்துக் கொட்டினார், கூம்பாக நின்றதை விரலால் தள்ளினார், அவ்வளவுதான். ஐந்து முறை நிரப்பச் சொன்னேன்: 144, 148, 145, 150, 146.

பேரீச்சைதான் படுத்தியது. கொட்டை நீக்கி நறுக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். அந்த உருண்டையைக் கப்பில் அடைத்தால் 182. எடுத்து வைத்த மைதாவிலிருந்து ஒரு ஸ்பூன் தூவிப் பிரித்தால் 146. மழைக்காலச் சென்னையில் கிஸ்மிஸும் இப்படித்தான் பிசுபிசுக்கும், கப் கணக்கு தினம் மாறும். அத்தி அரை கப் அழுத்தாமல் 74, அழுத்தினால் 86. கூட்டிப் பார்த்தேன்: அம்மாவின் கணக்கு 514 கிராம், என்னுடையது 606. அந்த 92 கிராம் பழத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள மாவு போதவில்லை, துண்டு உதிர்ந்தது. இனி நோட்டில் 295, 145, 75 என்றே இருக்கும்.

எடை தெரிந்தபின் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்குவதும் சுலபம், உதிரியாக வேண்டிய கிராம் மட்டும் கேட்கலாம். பேரீச்சையைக் கொட்டையோடு வாங்கினால் சற்றுக் கூடுதலாகக் கேளுங்கள். கறுப்புத் திராட்சையில் விதை இருக்கிறதா என்று ஒன்றை வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள், கேக்கில் விதை பல்லில் நறநறக்கும். அடுத்து பஞ்சாமிர்தத்துக்கும் இதே மாதிரி கிராம் கணக்கு எழுத ஆசை. அதில் வாழைப்பழத்தை உரித்தபின்தான் எடை போட வேண்டும்.

நேற்றையது பாதி அளவு சோதனை கேக். உறவுக்காரர்களுக்கான நாலு கேக்குக்குப் பழம் இப்போதுதான் திராட்சைச் சாற்றில் ஊறுகிறது. ஊறினால் கனம் ஏறிவிடும் என்பதால் காய்ந்தபடியே எடை போட்டு, ஜாடி மூடியில் 2,060 கிராம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.